லியாட்டிகோ: நிறம் வெளுத்தாலும் நிலைத்து நிற்கும் ஒரு தீவுத் திராட்சை

'பழையது' என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் இரண்டு மதிப்பு உண்டு. பழைய சட்டை என்றால் தேய்ந்து போனது. பழைய அரிசி என்றால் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டியது. புது அரிசி குழையும். ஆண்டு கடந்த அரிசி உதிரியாக வேகும். வத்தக்குழம்புக்குப் புதுப் புளியைவிடக் கறுத்த பழம்புளிக்குத்தான் மதிப்பு. உப்பில் ஊறிய நாரத்தங்காய் எத்தனை ஆண்டு ஆகிறதோ அத்தனை மருந்து என்பார்கள் பாட்டிமார்கள். ஆனால் எல்லாப் பண்டமும் அப்படியல்ல. பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். பழைய மிளகாய்த்தூள் நிறத்தையும் இழக்கும், காரத்தையும் இழக்கும்.

திராட்சை மதுவான ஒயின் இவற்றில் எந்தப் பக்கம்? "நாளாக ஆக ஒயினுக்குச் சுவை கூடும்" என்பது மதுவைக் கையால் தொடாதவர்களும் சொல்லும் வாசகம். அது பாதிதான் உண்மை. உலகில் தயாராகும் ஒயினில் மிகப் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளுக்குள் அருந்துவதற்கென்றே செய்யப்படுவது. வைத்திருந்தால் கெட்டுத்தான் போகும். காலத்தைத் தாங்கி நின்று, அதனால் மேன்மையும் அடைவது மிகச் சிலவே. எது தாங்கும், எது தாங்காது, ஏன் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் இக்கட்டுரையில் பார்ப்போம். எடுத்துக்காட்டு, கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் மட்டுமே பெரும்பாலும் விளையும் 'லியாட்டிகோ' என்ற சிவப்புத் திராட்சை. பார்வைக்கு வெளிறிய இந்தத் திராட்சை, வைத்திருக்க உதவாது என்று பலராலும் ஒதுக்கப்பட்டது. காலம் வேறு தீர்ப்பு எழுதியது.

மதுவின் பெருமை பாடுவதோ, அருந்தத் தூண்டுவதோ நம் நோக்கமல்ல. மதுவில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆயினும் ஒரு மக்கள் கூட்டம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் காத்துவந்த ஒரு பயிரையும் அதன் தொழில் நுட்பத்தையும் அறிந்துகொள்வதில் தவறில்லை.

தீவும் அதன் கொடியும்

மத்தியதரைக் கடலில், ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே கிழக்கு மேற்காக நீண்டு கிடப்பது கிரீட். நீளம் ஏறத்தாழ 260 கிலோமீட்டர். கிரேக்கத் தீவுகளில் மிகப் பெரியது இதுவே. ஓவியர் எல் கிரேக்கோ பிறந்ததும், 'சோர்பா' நாவலை எழுதிய கசன்ட்சாகிஸ் பிறந்ததும் இங்கேதான்.

தீவின் முதுகெலும்பு போல மலைத்தொடர்கள் ஓடுகின்றன. மிக உயரமான சிகரம் 2,456 மீட்டர். தெற்கே ஆப்பிரிக்காவிலிருந்து வரும் அனல் காற்றை இம்மலைகள் ஓரளவு தடுக்கின்றன. கோடையில் வடக்கிலிருந்து வீசும் 'மெல்தேமி' என்னும் காற்று வடசரிவுத் தோட்டங்களைக் குளிர்விக்கிறது. மழை குளிர்காலத்தில் பெய்கிறது, கோடை வறண்டது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு தோட்டத்தில் திராட்சை அறுவடை நடந்துகொண்டே இருக்கும். கிரீட்டில் அப்படியில்லை. குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கும், வசந்தத்தில் துளிர்க்கும், ஆண்டுக்கு ஒரே அறுவடை. ஆகவே ஒவ்வோர் ஆண்டின் ஒயினும் அந்த ஆண்டின் வெயிலுக்கும் மழைக்கும் ஒரு பதிவேடு. குப்பியின் மேல் ஆண்டைக் குறிப்பதன் காரணமும் இதுதான்.

தீவின் கிழக்கு முனையில் உள்ளது சிதியா வட்டாரம். அங்கே சீரோஸ் என்ற ஊரை ஒட்டிய மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் நல்ல வெயில், இரவில் குளிர். இந்தச் சூழலில் லியாட்டிகோ நன்றாக விளைகிறது. ஜூலை மாதத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதன் பெயர் வந்தது என்பார்கள். மற்றத் திராட்சைகளுக்கு முன்பாகவே பழுத்துவிடுவதால் இப்பெயர். உயரமான இடங்களில் பழுக்க இன்னும் சில வாரங்கள் ஆகும்.

நெடிய வரலாறு

கிரீட்டில் திராட்சை பிழியும் தொழிலுக்கு எழுத்து வரலாற்றையும் கடந்த வயது. தீவின் நடுப்பகுதியில் ஆர்க்கானெஸ் ஊருக்கு அருகே உள்ள வத்திபெத்ரோ என்னுமிடத்தில் 1949-ல் தொடங்கி ஸ்பிரிடோன் மரினாதோஸ் என்ற அறிஞர் அகழாய்வு செய்தார். அங்கே மினோவர் காலத்து மாளிகை ஒன்றில் திராட்சையைக் காலால் மிதித்துச் சாறெடுக்கும் தொட்டி கிடைத்தது. அதன் வயது ஏறத்தாழ 3,500 ஆண்டுகள்.

கிரேக்கர்கள் இன்று ஒயினை 'க்ரசி' என்கிறார்கள். 'கலத்தல்' என்று பொருள்படும் பழைய சொல்லிலிருந்து பிறந்தது இது. பண்டைக் கிரேக்கர் ஒயினைத் தண்ணீர் கலந்தே அருந்தினர். கலக்காமல் குடிப்பது நாகரிகமற்றவர் செயல் என்று கருதினர்.

கிரேக்கத் தீவுகளின் ஒயின் தமிழ்க் கடற்கரைக்கும் புதிதல்ல. யவனர் கொண்டுவந்த மணமிக்க தேறலைப் பற்றிப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர் குறிப்பிடுகிறார். பாடப்பட்டவன் பாண்டியன் நன்மாறன். இது வெறும் கவிஞர் கற்பனையல்ல என்பதற்கு மண்ணிலேயே சான்று கிடைத்தது. புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினரும் அகழாய்வு நடத்தினர். அடிகூர்த்த இருகைப்பிடி ஜாடிகளின் உடைந்த துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றுள் ரோட்ஸ் தீவு ஜாடிகளும் உண்டு. கோஸ் என்ற கிரேக்கத் தீவின் பாணியில் அமைந்தவையும் உண்டு. கோஸ் தீவு ஒயினுக்குப் பெயர் பெரிதாக இருந்ததால், இத்தாலியிலும் அதே வடிவில் ஜாடி செய்து அனுப்பினார்கள். போலிச் சரக்கு நல்ல சரக்கின் பெயருக்குச் சாட்சி என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான்.

அந்தப் பழைய ஒயின்களில் எந்த வகைத் திராட்சை இருந்தது என்ற ஆராய்ச்சியை விட்டுவிட்டு, இன்றைய கிரீட்டுக்குத் திரும்புவோம்.

சாறு ஒயினாவது எப்படி?

இட்லி மாவு பொங்குவதை அறிந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. திராட்சையை நசுக்கிச் சாறோடு தோலையும் சேர்த்து விடுகிறார்கள். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சாற்றிலுள்ள சர்க்கரையைத் தின்று, ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை இருந்தால் 1 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். 13.5 சதவீதம் வேண்டுமானால் லிட்டருக்குச் சுமார் 230 கிராம் சர்க்கரை பழத்திலேயே இருந்தாக வேண்டும். லியாட்டிகோ கிரீட்டின் வெயிலில் இந்த அளவைச் சிரமமின்றி எட்டிவிடும்.

சிவப்புத் திராட்சையிலும் சாறு பெரும்பாலும் நிறமற்றதே. நிறம் தோலில்தான் இருக்கிறது. நாவற்பழம் தின்றால் நாக்கு ஊதாவாகிறதே, அதே வகை நிறப்பொருள்தான் இதுவும். தோல் சாற்றில் ஊறும்போது நிறம் இறங்குகிறது. கூடவே துவர்ப்புச் சத்தும் இறங்குகிறது. இதற்கு 'டானின்' என்று பெயர். கொட்டைப்பாக்கு, கடுக்காய், வாழைப்பூ, நன்றாகக் கொதித்த தேயிலை ஆகியவற்றை வாயிலிட்டால் நாக்கை இழுத்துப் பிடிப்பது இந்தச் சத்துதான்.

ஒயின் காலத்தைத் தாங்க மூன்று துணைகள் வேண்டும்: போதிய ஆல்கஹால், போதிய புளிப்பு, போதிய துவர்ப்பு. ஆல்கஹாலும் புளிப்பும் கிருமிகளை அடக்கும். துவர்ப்புச் சத்து, ஒயினைக் கெடுக்கும் பிராண வாயுவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். இனிப்பு ஒயினில் மீந்திருக்கும் சர்க்கரையும் நான்காவது துணையாகும். நம் ஊறுகாயை உப்பும் புளிப்பும் எண்ணெயும் காப்பது போலத்தான்.

இரண்டு திராட்சைகளின் கூட்டு

இப்போது லியாட்டிகோவின் குறையைப் பார்ப்போம். அதன் தோலில் நிறம் குறைவு. இருக்கும் நிறமும் உறுதியாக நிற்பதில்லை. ஓரிரு ஆண்டுகளிலேயே சிவப்பு மங்கிச் செங்கல் நிறமாகி, பின் நீர் சேர்த்த டிக்காஷன் போல ஆகிவிடும். கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினால் மறுபக்கம் இருக்கும் விரல் தெரியும். ஆனால் மணமும், ஆல்கஹாலும், மென்மையும் இதற்கு இயல்பாகவே உண்டு.

இதற்கு நேர்மாறானது 'மந்திலாரியா'. இதுவும் ஏஜியன் தீவுகளின் சொந்தத் திராட்சையே. ரோட்ஸ் தீவில் இதை 'அமோர்கியானோ' என்பார்கள். தடித்த தோல், கருஞ்சிவப்பு நிறம், கடுமையான துவர்ப்பு. ஆனால் சர்க்கரை குறைவு. ஆகையால் ஆல்கஹாலும் குறைவு. தனியாகச் செய்தால் முரட்டு ஒயினாகிவிடும்.

ஒன்றில் இல்லாதது மற்றொன்றில் இருப்பதைத் தீவு மக்கள் கண்டுகொண்டார்கள். சிதியா வட்டாரப் பெயர் தாங்கும் சிவப்பு ஒயினில் லியாட்டிகோ 80 பங்கு, மந்திலாரியா 20 பங்கு என்பது விதி. பேசா வட்டாரத்தில் லியாட்டிகோவுக்குப் பதிலாக 'கொத்சிபாலி' என்ற மற்றொரு மென்மையான திராட்சையோடு மந்திலாரியாவைச் சேர்க்கிறார்கள். பாரோஸ் தீவினர் இன்னும் ஒரு படி மேலே போய், மந்திலாரியாவின் முரட்டுத்தனத்தை அடக்க மோனெம்வசியா என்ற வெள்ளைத் திராட்சையைக் கலக்கிறார்கள். சாம்பாரில் பெருங்காயம் போலத்தான் மந்திலாரியா: கூடினால் கெடும், இல்லாவிட்டால் சிறக்காது. லியாட்டிகோவை மட்டுமே கொண்டு செய்வதும் உண்டு. தாப்னெஸ் வட்டாரத்தின் வழக்கம் அது.

காலம் செய்யும் வேலை

புதிய ஒயினை முதலில் மரப்பீப்பாயில் அடைக்கிறார்கள். பரவலாக வழங்கும் ஓக் மரப்பீப்பாய் ஒன்று 225 லிட்டர் கொள்ளும். மரத்தின் நுண்ணிய துளைகள் வழியே மிகச் சிறிதளவு காற்று உள்ளே செல்கிறது. அதிகமானால் ஒயின் காடியாகிவிடும். அளவோடு சென்றால் பக்குவப்படும். பின்பு கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, தக்கை நனைந்திருக்கும்படி படுக்கை வாட்டில், 12 முதல் 15 டிகிரி குளிர்ச்சியுள்ள இருட்டறையில் அடுக்குகிறார்கள்.

குப்பிக்குள் மூன்று மாறுதல்கள் மெல்ல மெல்ல நிகழ்கின்றன. முதலாவது, துவர்ப்புச் சத்தின் சிறு துகள்கள் ஒன்றோடொன்றும் நிறப்பொருளோடும் கைகோத்துப் பெரிதாகி, வண்டலாக அடியில் தங்குகின்றன. அதனால் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்புத் தணிகிறது. இரண்டாவது, அதே காரணத்தால் நிறம் வெளுக்கிறது. மூன்றாவது, அமிலங்களும் ஆல்கஹாலும் இணைந்து புதிய மணப்பொருள்கள் பிறக்கின்றன. புதுப் பழத்தின் மணம் போய், உலர்ந்த அத்தி, திராட்சை வற்றல், காய்ந்த மூலிகை, பதனிட்ட தோல், புகையிலை போன்ற மணங்கள் தோன்றுகின்றன.

இங்கேதான் லியாட்டிகோ ஒரு பாடம் கற்பிக்கிறது. நிறம் வெளுத்தால் ஒயினுக்கு வயதாகி உயிர் போய்விட்டது என்று பொருள் கொள்வது வழக்கம். அடர்ந்த நிறமுள்ள பிரெஞ்சுத் திராட்சைகளை அளவுகோலாக வைத்துக்கொண்டவர்கள் லியாட்டிகோவைப் பார்த்து, "இது நிற்காது" என்றனர். ஆனால் நிறத்தைத் தருவது வேறு, ஆயுளைத் தருவது வேறு. மேட்டுநிலத்தின் குளிர்ந்த இரவுகள் பழத்தில் புளிப்பைக் காத்துக்கொடுக்கின்றன. வெயில் ஆல்கஹாலைத் தருகிறது. மந்திலாரியா துவர்ப்பைத் தருகிறது. ஆகவே நல்ல ஆண்டின் லியாட்டிகோ, நிறம் மங்கிய பின்னும் பத்து, பதினைந்து ஆண்டுகள், சிலபோது அதற்கும் மேலே மணம் குன்றாமல் நிற்கிறது. சீரோஸ் மேட்டில் பல ஆண்டுகள் பீப்பாயிலும் குப்பியிலும் வைத்திருந்த பிறகே ஒயினை விற்பனைக்கு அனுப்பும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

கைவிட்டுப் போக இருந்த கதை

இத்தகைய பயிர் ஏன் அழிவின் விளிம்புக்குப் போனது? காரணங்கள் பல.

முதலாவது, ஆள் இல்லாமை. 1960-ல் மேற்கு ஜெர்மனியும் கிரேக்கமும் தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டன. கிராமத்து இளைஞர்கள் ஜெர்மன் தொழிற்சாலைகளுக்கும், ஏதென்ஸ் நகரத்துக்கும் பிழைக்கப் போனார்கள். மேட்டுநிலக் கொடிகளைப் பார்த்துக்கொள்ள வயதானவர்களே மிஞ்சினர். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கு இந்த நிலையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, பூச்சி. கொடியின் வேரை உறிஞ்சிக் கொல்லும் பில்லோக்சரா என்ற அமெரிக்கப் பூச்சி 19-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் முதலிய நாடுகளின் தோட்டங்களை அழித்தது. கடல் சூழ்ந்த கிரீட்டை அது எட்டியது 1970களில்தான். அமெரிக்க வேரின் மேல் ஒட்டுக் கட்டி மறுபடியும் நடுவதே வழி. புதிதாக நடும்போது விவசாயி என்ன நினைப்பார்? சந்தையில் எது விலை போகிறதோ அதை நடுவோம் என்றுதான். கபெர்னே, மெர்லோ, சிரா என்று பிரெஞ்சுப் பெயர்கள் கிரீட்டின் மண்ணில் ஊன்றின.

மூன்றாவது, அரசாங்கப் பணம். ஐரோப்பாவில் ஒயின் தேவைக்கு மேல் தேங்கியபோது, திராட்சைத் தோட்டத்தை நிரந்தரமாகக் கைவிடுவோருக்குப் பணம் தரும் திட்டத்தை 1988-ல் ஐரோப்பியச் சமூகம் கொண்டுவந்தது. விளைச்சல் குறைந்த கிழட்டுக் கொடிகளை வைத்திருந்த முதியவர்களுக்கு, பிடுங்கிவிட்டுப் பணம் வாங்குவது எளிதாகத் தோன்றியதில் வியப்பில்லை. கிழட்டுக் கொடியில் பழம் குறைவு, சாரம் அதிகம் என்பதைக் கணக்கில் எழுத அந்தத் திட்டத்தில் இடமில்லை.

காத்தவை எவை? ஒன்று சட்டம். 1970களின் தொடக்கத்தில் கிரேக்க அரசு ஊர்ப்பெயர் காப்பு முறையை ஏற்படுத்தியது. சிதியா என்ற பெயர் போடவேண்டுமானால் அந்த மண்ணின் திராட்சையே இருக்க வேண்டும். காஞ்சிபுரம் பட்டுக்கு நம் நாட்டில் புவிசார் குறியீடு கொடுத்திருப்பது போன்றதே இது. மற்றொன்று மனிதர்கள். 1990களில், வெளிநாடுகளில் தொழில் கற்ற சில இளைஞர்கள் ஊர் திரும்பினார்கள். பாட்டனார் நட்ட கொடியைப் பிடுங்காமல் அதிலிருந்தே நல்ல ஒயின் செய்து காட்டினார்கள். அதே காலத்தில் சந்தோரினி தீவிலும் இதுபோல நடந்தது. அங்கே அழிந்துபோகும் நிலையிலிருந்த 'மாவ்ரோத்ராகனோ' என்ற சிவப்புத் திராட்சையைப் பாரிஸ் சிகாலாஸ் போன்றோர் மீட்டெடுத்தனர்.

குப்பியில் எழுதியிருப்பது

வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகளோ, அலுவலக விருந்துகளில் கலந்துகொள்வோரோ இத்தகைய குப்பியைப் பார்க்க நேரலாம். அதில் உள்ள சில சொற்களை அறிந்திருப்பது நல்லது. 'எரித்ரோஸ்' என்றால் சிவப்பு. 'பி.ஓ.பி.' என்றால் ஊர்ப்பெயர் காப்புப் பெற்றது. 'எபிலெக்மெனோஸ்' என்பது குறிப்பிட்ட காலம் வைத்துப் பதப்படுத்தியது. 'இடிகா எபிலெக்மெனோஸ்' என்பது அதிலும் மேலானது. சிவப்பு ஒயினானால் விற்பனைக்கு வருமுன் குறைந்தது 4 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். நான்கு இலக்க எண், அறுவடை ஆண்டு.

யாராவது பரிசாகக் கொடுத்த குப்பியைச் சமையலறைப் பரணில் பத்திரப்படுத்தி, பழக்கி எடுக்கலாம் என்று எண்ணுவோர் உண்டு. தில்லியின் கோடையிலும் நாகபுரியின் வெயிலிலும் அது பழகாது, வெந்துதான் போகும். பழைய குப்பியின் அடியில் வண்டல் தெரிந்தால் கலப்படம் என்று அஞ்சவும் வேண்டாம். ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, தெளிவை மட்டும் மெல்ல இறுத்துக்கொள்வது அங்குள்ளோர் வழக்கம். 'தேறல்' என்ற நம் சொல்லுக்கும் தெளிந்தது என்றே பொருள் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

முடிவாக, லியாட்டிகோவின் கதையில் காலம் மட்டும் தனியாக எதையும் செய்துவிடவில்லை. மோசமான ஒயினை எத்தனை ஆண்டு வைத்தாலும் அது பழைய மோசமான ஒயினாகத்தான் இருக்கும். சரக்கு நல்லதாக இருக்க வேண்டும்; குறையை ஈடுசெய்ய ஒரு துணை வேண்டும்; வைக்கும் இடம் தகுந்ததாக இருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, நிறத்தைப் பார்த்து அவசரப்பட்டுத் தூக்கி எறியாமல், காத்திருக்க ஓர் ஆள் வேண்டும். அப்படி நாலு பேர் ஊரில் இருந்ததால்தான் சீரோஸ் மேட்டில் இன்றும் அந்தக் கொடி காய்க்கிறது.